தலைமை ஆட்டக்காரர் இல்லாத நாளில்



காற்பந்தைப் பற்றி நம் தோட்டப்புற மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செனாய், கூலாய், ஸ்கூடாய் வட்டாரத் தோட்டங்களில் கோயிலும் பள்ளியும் போலவே திடலும் ஒரு பொதுச் சொத்தாக இருந்து வந்தது. அத்தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், மாலை வேளையில் பந்தை எடுத்துக்கொண்டு திடலில் இறங்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய குழுக்களுக்கு அடிக்கடி நேரும் ஒரு தொல்லையைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

ஒரு குழு மூன்று மாதம் பாடுபட்டுப் பயிற்சி செய்கிறது. அதில் ஒருவர் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர். பந்து யாரிடம் இருந்தாலும் கண்கள் அவரைத்தான் தேடும். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் அவருக்கு முழங்காலில் அடிபட்டுவிடுகிறது. அல்லது சிங்கப்பூரில் வேலை கிடைத்து, விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டியவராகிவிடுகிறார். “அவர் இல்லாமல் நாம் போய் என்ன செய்வது?” என்று குழு சோர்ந்து போகிறது. இந்தச் சோர்வு தேவைதானா? இல்லை என்பதற்கு உலக விளையாட்டு வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓர் ஆள் போய்விட்டார் என்கிறோம். உண்மையில் போயிருப்பவை நாலைந்து வேலைகள். நடுத்திடலில் பந்தை வாங்கி முன்னே அனுப்புவது ஒரு வேலை. எதிரிகள் இருவரைத் தம் பக்கம் இழுத்து, கூட்டாளிக்கு இடம் உண்டாக்கித் தருவது இன்னொரு வேலை. தண்ட உதை எடுப்பது, கோல் அடிப்பது, மனம் தளரும்போது குரல் கொடுத்து எழுப்புவது ஆகியவையும் தனித்தனி வேலைகளே. இவை அனைத்தையும் ஒருவரே செய்து வந்ததால், அவை ஒரே வேலை போல நமக்குத் தோன்றின.

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காலைப் பெரட்டில் அனுபவசாலி ஒருவர் வரவில்லை என்றால், அவருடைய மரங்கள் முழுவதையும் நேற்றுக் கத்தி பிடித்த பையனிடம் ஒப்படைக்கலாமா? அக்கம்பக்கத்து நிரைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பையனுக்கு அவனால் முடிந்ததை மட்டும் கொடுப்பதுதானே முறை? காற்பந்துக் குழுவுக்கும் அந்த அறிவுதான் வேண்டும்.

1962ஆம் ஆண்டு சிலி நாட்டில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியை எடுத்துக்கொள்வோம். பிரேசில் குழுவின் பெலேக்கு அப்போது வயது 21. முதல் ஆட்டத்தில் மெக்சிக்கோவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் அவருடைய தொடைத் தசை கிழிந்துவிட்டது. அந்தக் காலத்தில் உலகக் கிண்ணத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடம் கொடுக்கவில்லை. பெலே நொண்டிக்கொண்டே திடலில் நின்றார். ஆட்டம் கோலின்றி முடிந்தது. அதன் பிறகு அந்தப் போட்டியில் அவர் ஆடவே இல்லை.

பயிற்றுநர் அய்மோரே மொரெய்ரா, அமரில்டோ என்ற இளைஞரைப் பெலேயின் இடத்தில் இறக்கினார். இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அமரில்டோ அக்குழுவுக்குப் புதியவர் போல இருந்தாலும், காரிஞ்சா, டிடி, ஸகாலோ ஆகியோருடன் பொட்டாஃபோகோ சங்கத்தில் ஏற்கெனவே சேர்ந்து ஆடி வந்தவர். யார் எப்போது பந்தை எங்கே அனுப்புவார் என்பது அவருக்கு அத்துப்படி. ஸ்பெயினுக்கு எதிராகப் பிரேசில் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, அவர்தான் இரண்டு கோல் அடித்துக் காப்பாற்றினார்.

இரண்டு, பெலேயின் சுமை முழுவதையும் அவர் தலையில் மட்டும் ஏற்றவில்லை. வலது ஓரத்தில் ஓடிப் பந்தை உள்ளே அனுப்புவதில் பேர்பெற்ற காரிஞ்சா, இப்போது நடுப்பக்கம் வந்து தாமே கோல் அடிக்கலானார். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, சிலிக்கு எதிராக இரண்டு என அடுத்தடுத்த இரு ஆட்டங்களில் நான்கு கோல்கள் அவருடையவை. இடது ஓரத்தில் ஆடிய ஸகாலோ தேவையான போதெல்லாம் பின்னால் இறங்கி நடுத்திடலுக்கு வலுச் சேர்த்தார். இறுதி ஆட்டத்தில் அதே செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று வென்று பிரேசில் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அம்மூன்று கோல்களையும் அமரில்டோ, ஸித்தோ, வாவா என மூன்று வெவ்வேறு பேர் அடித்தார்கள். ஒருவர் சுமந்த சுமையைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அதே பிரேசில், 52 ஆண்டுகள் கழித்து 2014இல், சொந்த மண்ணில் வேறு விதமான பாடத்தைக் கற்றது. ஜூலை 4ஆம் நாள் கொலம்பியாவுக்கு எதிரான காலிறுதியில் நெய்மாருக்கு முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. தற்காப்பின் தூணும் குழுத் தலைவருமான தியாகோ சில்வா, இரண்டாவது மஞ்சள் அட்டையால் அடுத்த ஆட்டத்தை இழந்தார். ஜெர்மனியுடனான அரையிறுதிக்கு இருந்தவை நான்கே நாட்கள். நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது நெய்மாரின் சட்டையை ஆட்டக்காரர்கள் கையில் ஏந்தி நின்றார்கள். நெய்மாரின் இடத்துக்குப் பெர்னார்ட் என்ற ஓர ஆட்டக்காரர் வந்தார். ஆனால், நெய்மார் இருந்தால் எப்படித் துணிந்து முன்னேறுவார்களோ அப்படியே முன்னேறினார்கள். பின்னால் திறந்து கிடந்த இடத்தை ஜெர்மானியர் பயன்படுத்திக்கொண்டு 29 நிமிடத்துக்குள் ஐந்து கோல் அடித்தார்கள். முடிவு 7-1. தற்காப்பில் சில்வா இல்லாததும் இத்தோல்விக்குப் பெரிய காரணம்தான். எனினும், இல்லாதவரை நினைத்து உருகுவதால் மட்டும் திடலில் ஓர் இடைவெளியும் அடைபடாது என்பதை அன்று உலகமே கண்டது.

அதே 2014இல் அமெரிக்காவில் நடந்ததையும் பார்ப்போம். அங்கே காற்பந்து என்று சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் வேறோர் ஆட்டம். அதில் குவாட்டர்பேக் என்பவரே தாக்குதலின் மூளை. செப்பாக் தக்ராவில் தெக்கோங் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது போல, இங்கே ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். தூரத்தில் ஓடுபவருக்கு எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து ஓடச் செய்வதா, தாமே ஓடுவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் முடிவு செய்ய வேண்டும்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் குழுவின் குவாட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர், பருவம் தொடங்குமுன்னே ஆகஸ்டு மாதப் பயிற்சியில் தோளில் அடிபட்டு விலகினார். அடுத்து நின்றவர் ஜே. டி. பேரட். கல்லூரிப் போட்டியில் அதற்கு முன் ஆடியிராதவர். இரண்டாவது ஆட்டத்திலேயே குழு 35-21 என்று தோற்றது. ஆனாலும் அவரை நம்பினார்கள். அடுத்து வந்த ஆட்டங்கள் எல்லாவற்றிலும் வெற்றி கிட்டியது. நவம்பர் 29ஆம் நாள் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் பேரட்டின் கணுக்காலும் முறிந்தது. இனி மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ்தான். வட்டார வெற்றியாளர் ஆட்டத்துக்கு இருந்தவை ஏழே நாட்கள்.

பயிற்றுநர் எர்பன் மேயரும் தாக்குதலுக்குப் பொறுப்பான டாம் ஹெர்மனும் என்ன செய்தார்கள்? பேரட் சுறுசுறுப்பானவர், குறுகிய தூரத்துக்குக் குறி தவறாமல் எறிபவர். ஜோன்ஸ் ஓங்கி வளர்ந்த உடல்வாகு கொண்டவர். வெகு தூரம் எறியும் தோள்வலிமை உள்ளவர். பேரட்டைப் போல ஆடு என்று ஜோன்ஸிடம் அவர்கள் கேட்கவில்லை. நீண்ட தூரம் எறிவதை அதிகமாக்கினார்கள். பந்தை ஏந்தி ஓடும் வேலையில் எசக்கியல் எலியட் என்பவருக்குப் பெரும்பங்கு தந்தார்கள். டிசம்பர் 6ஆம் நாள் விஸ்கான்சின் குழுவை 59-0 என்று வீழ்த்தினார்கள். அன்று ஜோன்ஸ் எறிந்து புள்ளியாக மாறிய மூன்று பந்துகளையும் பிடித்தவர், விரைந்து ஓடும் டெவின் ஸ்மித். அடுத்து அலபாமாவை 42-35 என்றும், 2015 ஜனவரி 12ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் ஓரிகனை 42-20 என்றும் வென்று, மூன்றாவது ஆளைக் கொண்டே நாட்டின் வெற்றியாளர் ஆனார்கள்.

இவையெல்லாம் பெரிய இடத்துக் கதைகள், குறுகிய நாளில் நம்மால் முடியுமா என்று சிலர் ஐயப்படலாம். நம் மலேசியக் குழுவையே பாருங்கள். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில், டிசம்பர் 1ஆம் நாள் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றோம். பயிற்றுநர் கே. ராஜகோபால் குழுவைக் கலங்க விடவில்லை. டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றோம். இரண்டு இறுதி ஆட்டங்களையும் சேர்த்து 4-2 என்று, முதன்முறையாக அக்கிண்ணம் நமக்கு வந்தது. இருபத்தைந்து நாட்களில் ஒரு குழு தன்னைத் திருத்திக்கொள்ள முடியும் என்பது நம் கண்முன் நடந்த உண்மை.

இனி, நம் தோட்டக் குழுக்கள் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துப் பார்ப்போம்.

முதலாவதாக, போனவர் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். ஒரே பெயர் எல்லாவற்றுக்கும் வந்தால், அதை மாற்றுங்கள்.

இரண்டாவதாக, புதிதாக வருபவரிடம் எது நன்றாக வருகிறது என்று பாருங்கள். அவர் ஓட்டக்காரர் என்றால் அவருக்கு முன்னே பந்தை விடுங்கள். ஓட்டம் குறைவு, உதை நன்று என்றால் காலுக்கே பந்தைக் கொடுங்கள். ஆளுக்கேற்ற ஆட்டமே வெற்றி தரும்.

மூன்றாவதாக, குறைந்த நாளில் பத்துத் தந்திரம் பழகாதீர்கள். இரண்டு மூன்றைப் பழகி, கண்ணை மூடிக்கொண்டும் செய்யும் அளவுக்குத் தேர்ச்சி பெறுங்கள். கோல் போவதைத் தடுக்கப் பின்னால் கூடுதலாக ஒருவரை நிறுத்தி வையுங்கள்.

நான்காவது, இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. இரண்டாவது ஆளை இன்றே பழக்குங்கள். அமரில்டோவும் ஜோன்ஸும் அன்றைக்குத் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர்; கூட்டாளிகளுடன் நாள்தோறும் பயிற்சி செய்து காத்திருந்தவர்கள். வாரம் ஒரு நாளாவது கெட்டிக்காரரை ஓரமாக உட்காரவைத்து, மற்றவர்களை ஆடவிடுங்கள். திடலோரத்தில் பந்து பொறுக்கிப் போடும் பையனுக்கு அந்த ஒரு நாள்தான் பள்ளிக்கூடம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய பையன் ஒரு பந்தைத் தவறவிட்டதும், “அவன் இருந்திருந்தால்!” என்று திடலோரத்தில் ஒரு குரல் எழும். அந்தக் குரல் எதிராளியின் உதையைவிட வலிக்கும். அடுத்த பந்து வரும்போது அவன் கால் தயங்கும். தயங்கிய கால் தவறத்தான் செய்யும். அவனை அவன் பெயர் சொல்லி ஊக்குவியுங்கள்.

அடிபட்டவர் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. முழங்கால் வீங்கியிருக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். துணியைச் சுற்றிக் கட்டி, தைலம் தடவி, “இந்த ஓர் ஆட்டம் மட்டும்” என்று இறக்கிவிடாதீர்கள். கிண்ணம் அடுத்த ஆண்டும் வரும். ஆனால், அந்தக் கால்தான் நாளை படிகளில் ஏறி வேலைக்குப் போக வேண்டும். செம்பனைக் காட்டிலோ தொழிற்சாலையிலோ எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். ஓய்வெடுத்தவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். நெய்மார் 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரேசிலுக்குத் தங்கம் பெற்றுத் தந்த கடைசிப் பினால்டியை அடித்தார். பேரட் மறுபடியும் ஆட வந்து, தம் குழுவுக்குத் தலைவரானார். தோளில் அடிபட்ட மில்லர், எறிபவராக இல்லாமல் பந்தைப் பிடித்து ஓடுபவராக 2015இல் மீண்டும் திடலில் இறங்கினார். பழைய இடம் இல்லாவிட்டாலும் குழுவில் அவருக்கு ஓர் இடம் இருந்தது.

வெளியே உட்கார்ந்திருக்கும் அந்தக் கெட்டிக்காரருக்கும் நம் குழுக்களில் வேலை கொடுக்கலாம். ஆட்டத்தை வெளியிலிருந்து பார்த்து, இடைவேளையில் புதியவருக்குப் பக்குவமாகச் சொல்லித் தர அவரைவிடத் தகுந்தவர் யார்? ஒருவர் அறிந்த வித்தை அப்படித்தான் பதினொருவர் சொத்தாகும். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன்னே, உங்கள் குழுவில் இரண்டாவது ஆள் யார் என்று இன்று மாலையே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.