குருதியின் சமநிலை

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளர் பலர் பிளக்டாம் வைத்தியசாலைக்குக் கொணரப்பட்டனர். அக்காலச் சுவாசக் கருவிகளில் வைக்கப்பெற்ற முதல் 31 பேருள் 27 பேர் மாண்டனர். அவர்தம் குருதியிற் கரியமிலவாயுவின் மொத்த அளவு மிகுந்திருந்தது. இதனைக் கண்ட வைத்தியர்கள், குருதியிலே காரம் மிகுந்துவிட்டதென்று கருதினர். உண்மை அதற்கு நேர்மாறானது.

அமிலத்தையுங் காரத்தையும் அளக்கும் அளவுகோல் பீ.எச். எனப்படும். தூய நீரின் அளவு 7. அதனிற் குறைந்தால் அமிலம், கூடினாற் காரம். நலமுள்ளவரின் நாடிக்குருதி 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கும். இச்சிறு எல்லையைக் கடந்தால் இதயமும் மூளையும் தடுமாறும்.

உடலோ இடைவிடாது அமிலத்தை உண்டாக்குகின்றது. உணவு எரிந்து சக்தியாகும்போது பிறக்குங் கரியமிலவாயு, நீரிற் கலந்து அமிலமாகின்றது. அதனைச் சுவாசப்பைகள் வெளியேற்றுகின்றன. ஏனைய அமிலங்களைச் சிறுநீரகங்கள் சிறுநீருடன் கழித்து, இருகாபனேற்று என்னுங் காரப்பொருளைக் குருதியிற் காக்கின்றன. சுவாசப்பைகள் சில நிமிடங்களிலே செய்யுந் திருத்தத்தைச் சிறுநீரகங்கள் சில நாட்களிற் செய்கின்றன.

மூச்சுத் தடைப்பட்டாற் கரியமிலவாயு தேங்கும். அதனுடன் இருகாபனேற்றும் உயரும். ஆகவே மொத்த அளவு ஒன்றையே நோக்குபவருக்கு அமிலமிகுதியுங் காரமிகுதியாகத் தோன்றக்கூடும். இதனை உணர்ந்தவர் பியோன் இப்சன் என்னும் மயக்கமருந்து நிபுணர். ஆகஸ்டு 27ஆம் நாள், சாவின் விளிம்பில் இருந்த 12 வயதுச் சிறுமியின் மூச்சுக்குழாயிற் செய்த துளைவழியே குழாயொன்று செலுத்தப்பட்டது. அதனுடன் இணைத்த இறப்பர்ப் பையை இப்சன் கையால் அமுக்கிக் காற்றூட்டினார். தேங்கிய வாயு வெளியேறிற்று, சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1500 மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்துப் பைகளை அமுக்கினர். இறப்பு வீதம் பெரிதுங் குறைந்தது.

சமநிலை குலைவதற்குக் காரணங்கள் பல. ஆதலின் சிகிச்சையும் பலவாகும். நீரிழிவு நோயாளருக்கு இன்சுலின் போதாதபோது கொழுப்பு மிகையாகச் சிதைந்து அமிலம் பெருகும். இன்சுலினும் உப்பு நீருமே இதற்குரிய முதன்மையான மருந்துகள்; குருதியிலுள்ள பொற்றாசியத்தின் அளவையுங் கவனித்தல் வேண்டும். கடும் வயிற்றோட்டத்திற் காரம் வெளியேறுதலால் அமிலம் மேலோங்கும். இழந்த நீரையும் உப்பையும் விரைந்து ஈடுசெய்தல் வேண்டும். ஓயாத வாந்தியிலோ இரைப்பையின் அமிலம் வெளியேறிக் காரம் மிகும். இதற்கும் உப்பு நீர் உதவும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இருகாபனேற்றோ, குருதியைச் சுத்திகரிக்குங் கருவியோ தேவைப்படலாம்.

இவை யாவற்றிலும் முறை ஒன்றே: குறியை மட்டும் மாற்றாது காரணத்தைக் கண்டு நீக்குதல். அமிலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அப்பச்சோடாவைக் கரைத்துக் குடிப்பது தீங்காய் முடியலாம். நீரிழிவுள்ள ஒருவர் வாந்தியெடுத்து, ஆழ்ந்து வேகமாக மூச்சுவிட்டு, மயங்குவாராயின், அது வீட்டு வைத்தியத்துக்குரிய வேளையன்று. அவரைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே உயிர்காக்கும் வழியாகும்.