பெயரறியும் ஆய்வு
16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை, ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக அட்லாண்டிக் பெருங்கடலில் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் உயிருடன் கரைசேர்ந்தோர் ஏறத்தாழ 1.07 கோடிப் பேரே.

இவ்வெண்ணிக்கை எவ்வாறு அறியப்பட்டது? கப்பல் நாட்குறிப்புகள், சுங்கப் பதிவேடுகள், வணிகர்தம் கணக்கேடுகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, 36,000 பயணங்களை ஆய்வாளர்கள் தொகுத்துள்ளனர். ஆயினும், அவை பெரும்பாலும் விற்றவர்கள் எழுதியவை. அவற்றில் மனிதர்கள் சரக்காகவே எண்ணப்பட்டனர். அவர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை.

1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அதன்பின் பிடிபட்ட கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டோரின் பெயர், வயது, உயரம் முதலியன சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரில் பதிவுசெய்யப்பட்டன. எழுத்தர்கள் காதால் கேட்டெழுதிய அப்பெயர்களை ஆய்வாளர்கள் இன்று ஒலித்துக்காட்டி, அவை எம்மொழிக்குரியவை என ஆப்பிரிக்க மொழிகளை அறிந்தோரிடம் கேட்டறிகின்றனர். பெயரின் மொழி தெரிந்தால், அவர் பிறந்த பகுதியும் தெரியவருகிறது.