ஒரு ரயில்வே போர்ட்டர் கட்சியையே ஆட்டிவைத்த கதை தெரியுமா?

தொழிற்சங்கச் சந்தாவில் ஒரு பங்கு கட்சிக்குப் போகலாமா? இதைக் கேட்டு வழக்குப் போட்டு, பிரிட்டிஷ் அரசியலையே உலுக்கியவர் ஒரு ரயில்வே போர்ட்டர்! லண்டன் கிளாப்டன் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த வால்டர் ஆஸ்போர்ன். சங்கத்துக்கு வெளியாளா? இல்லவே இல்லை, வால்தம்ஸ்டோ கிளையின் செயலாளரே அவர்தான்! லிபரல் ஆதரவாளர். தன் காசு தொழிற்கட்சிக்குப் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1909 டிசம்பரில் பிரபுக்கள் சபை சொன்னது: அரசியலுக்குப் பணம் வசூலிக்கத் தொழிற்சங்கத்துக்கு அதிகாரமே இல்லை!

அவர் வழக்குப் போட்டது எந்தச் சங்கத்தின் மீது தெரியுமா? 1899-ல் தீர்மானம் கொண்டுவந்து தொழிற்கட்சி பிறக்கவே வழிவகுத்த அதே ரயில்வே ஊழியர் சங்கம்!

அந்தக் காலத்தில் எம்.பி.க்குச் சம்பளமே கிடையாது. தொழிலாளி எம்.பி.க்களில் பலரின் வீட்டில் அடுப்பு எரிந்ததே சங்கப் பணத்தில்தான். 1911-ல் ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். 1913-ல் புதுச் சட்டம். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டால் அரசியலுக்குத் தனி நிதி வைக்கலாம். விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். அவரைச் சங்கத்தை விட்டு நீக்கவோ சலுகைகளை மறுக்கவோ கூடாது. எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

இனிமேல்தான் பெரிய ஆச்சரியம். 1926 பொது வேலைநிறுத்தம் தோற்றது. மறு ஆண்டே அரசு சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பியது: வேண்டாம் என்பவர் எழுதித் தர வேண்டியதில்லை, வேண்டும் என்பவர்தான் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான் மாற்றம்! தொழிற்கட்சியில் சங்கங்கள் வழியாக இணைந்திருந்தவர்கள் 32 லட்சத்திலிருந்து சுமார் 20 லட்சமாகச் சரிந்தார்கள். 1946-ல் அட்லியின் தொழிற்கட்சி அரசு பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரே ஆண்டில் 26 லட்சம் 43 லட்சத்தைத் தாண்டியது! கையெழுத்துப் போடாமல் இருந்துவிடுவதற்கு இவ்வளவு பலம். 2016-ல் சட்டம் மறுபடி திரும்பியது. புதிதாகச் சேருபவர் சம்மதம் தெரிவித்தால்தான் அரசியல் நிதிக்குப் பிடித்தம் என்று அது சொன்னது.

நம் ஊர்த் தொடர்பு தெரியுமா? 1918-ல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீது பக்கிங்ஹாம் ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து, 1920-ல் உயர்நீதிமன்றத் தடை வாங்கியது. அந்த அதிர்ச்சியில் எழுந்த கோரிக்கைதான் 1926 இந்தியத் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. அதன் 16-ஆம் பிரிவு சொன்னது: அரசியலுக்குத் தனி நிதி, கட்டச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது, கட்டாதவரைச் சங்கத்தில் சேர்க்க மறுக்கவும் கூடாது. கட்டாதவருக்கு ஒன்றே ஒன்றுதான் இல்லாமல் போக முடிந்தது: அந்த நிதியை நிர்வகிப்பதில் பங்கு!