மனச்சாய்வைச் சொல்லும் ஆங்கிலப் பதங்கள்

ஒருவனுடைய மனம் தானாகவே ஒரு பக்கம் செல்வதைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் பதங்களை அகராதியில் தேடினால், ஒன்றுக்கு மற்றொன்றே அர்த்தமாகக் கிடைக்கிறது; ஆயினும், அவை பிறந்த இடங்களை விசாரித்து அறிந்தவர்க்கு, ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்றை வைப்பது எத்துணைப் பொருந்தாமை என்பது விளங்கும்.

‘ப்ரொக்ளிவிட்டி’ என்பதை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் ‘க்ளிவுஸ்’ என்றால் சரிவு. பண்டை ரோமாபுரியில் காபிடோலியக் குன்றின்மேல் ஏறிச் சென்ற வீதிக்கு ‘க்ளிவுஸ் காபிடோலினுஸ்’ என்றே பெயர். சரிவில் இறங்குகிறவனுக்குப் பிரயாசை வேண்டியதில்லையாதலால், மனிதன் முயலாமலே வழுக்கி விழும் துர்க்குணங்களைச் சொல்வதற்கே இப்பதம் பெரும்பாலும் பயன்பட்டு வருகிறது. சங்கீதத்தில் ஈடுபாடுடைய ஒருவரைப் பாராட்ட வந்தவர் இதனைப் பிரயோகித்தால், கேட்பவர் மனம் சற்றுத் துணுக்குறும். அங்கே பொருந்துவது ‘பெஞ்சன்ட்’. தொங்குதல் என்னும் பொருளுடைய லத்தீன் தாதுவினின்று தோன்றி, சாய்தல் என்ற அர்த்தத்தோடு பிரெஞ்சில் வழங்கி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்த இச்சொல்லில் ருசியின் மென்மை உண்டு; அதே தாதுவினின்று பிறந்த ‘ப்ரொபென்சிட்டி’யிலோ, முன்னோக்கித் தொங்கும் பாரம் ஒன்று இழுப்பதுபோன்ற அழுத்தம் இருக்கிறது.

இவை எல்லாவற்றினும் என் நெஞ்சைக் கவர்ந்தது ‘பயஸ்’ என்னும் சொல்லின் வரலாறு. கோணல் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த அது, 16ஆம் நூற்றாண்டிலேயே ‘பௌல்ஸ்’ என்னும் புல்தரை விளையாட்டின் சொல்லாயிற்று. அவ்விளையாட்டில் ‘ஜாக்’ என்ற சிறு வெண்பந்தின் அருகில் தன் உருண்டையை நிறுத்த விரும்புகிறவன் அதனை நேரே குறிவைத்து உருட்டுவதில்லை. ஏனெனில், ஒரு பக்கம் சாயும்படியாகவே அவ்வுருண்டை செய்யப்பட்டிருக்கிறது. முற்காலத்தில் அதன் ஒருபுறத்தே ஈயம் ஏற்றுவதும் உண்டு. இப்பொழுது உருவத்தின் ஏற்றத்தாழ்வினாலேயே அந்தச் சாய்வு அமைகிறது. கையைவிட்டுப் புறப்படும்போது ஏறத்தாழ நேராகவே ஓடும் உருண்டை, வேகம் தணியத் தணிய மேலும் மேலும் வளைந்து தன் பக்கமே திரும்பிவிடும். ஷேக்ஸ்பியர், ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தில், துயருற்றிருக்கும் அரசியின் வாயில் இந்த விளையாட்டையும் இந்தச் சொல்லையும் வைத்திருக்கிறார். நீதிபதிக்கும் பத்திரிகைக்கும் புள்ளிவிவரக் கணக்குக்கும் இருக்கக்கூடாத குற்றமென்று இன்று எண்ணப்படும் ‘பயஸ்’, அப்புல்தரையிலே குற்றமாக இருந்ததில்லை. அதனை அறிந்து கணக்கிட்டு உருட்டுவதே ஆட்டக்காரனுடைய சாமர்த்தியம்.

‘ப்ரிடிலெக்‌ஷன்’ என்பதோ வேறு குலத்தைச் சேர்ந்தது. பலவற்றினின்றும் பிரித்தெடுத்து நேசித்தல் என்னும் லத்தீன் வினையே அதன் மூலமாதலால், அதிலே சரிவும் இல்லை, பாரமும் இல்லை. தெரிந்தெடுக்கும் அன்பே இருக்கிறது. நெடுங்காலம் பழகிப் பண்பட்ட ஒருவருடைய அபிருசியைச் சொல்ல நேரும்போது, மற்றவற்றை விலக்கி நான் நாடுவது இந்தப் பதத்தையே.