தைபே–ஷாங்காய்: நேராவதற்கு அறுபது ஆண்டுகள் ஆன வான்வழி

தைவானின் தலைநகரான தைபேயும் சீனாவின் வணிகப் பெருநகரான ஷாங்காயும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 121.5 பாகையை ஒட்டி, தெற்கு வடக்காக அமைந்தவை. புவிக்கோளத்தின் மேற்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய தடத்தின் நீளத்தைப் பெருவட்டத் தொலைவு என்பர்; அக்கணக்கின்படி இவ்விரு நகரங்களின் விமான நிலையங்களுக்கு இடையே உள்ளது சுமார் 680 கிலோமீட்டர்தான். இரண்டிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுகிறது. மேற்கிலிருந்து வீசும் உயர்வான் காற்று, டோக்கியோ–டெல்லி போன்ற நீண்ட கிழக்கு மேற்குத் தடங்களில் செய்வதைப்போல, போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் இங்கே பெரிதாக வேறுபடுத்துவதில்லை. புவியியல் இவ்வளவு இசைந்திருந்தும், 1949-இல் உள்நாட்டுப் போரில் தோற்ற குவோமின்தாங் அரசு தைவானுக்குப் பெயர்ந்தபின், நேர்த்தடத்தில் செல்லும் உரிமை பயணிகளுக்கு 2008 டிசம்பர் வரை கிட்டவில்லை.

1990-களில் ஷாங்காயிலும் அதையடுத்த குன்ஷானிலும் தைவான் தொழில்முனைவோர் தொழிற்சாலைகளைப் பெருமளவில் நிறுவியபோது, இந்தத் தடை அன்றாடச் சுமையாயிற்று. அவர்கள் பெரும்பாலும் தென்மேற்கே 800 கிலோமீட்டர் பறந்து ஹாங்காங்கில் இறங்கி, அங்கே காத்திருந்து, வேறு விமானம் ஏறி, வடகிழக்கே மேலும் 1,250 கிலோமீட்டர் கடந்தனர்; நேர்த்தொலைவைப்போல் மூன்று மடங்கான இந்தச் சுற்று, பகலில் பாதியை விழுங்கியது.

2003-ஆம் ஆண்டின் சந்திரப் புத்தாண்டுக்காக இயக்கப்பட்ட சிறப்பு விமானங்களில் பயணிகள் விமானம் மாறவேண்டியிருக்கவில்லை. ஆயினும் அவை ஹாங்காங்கிலோ மக்காவிலோ தரையிறங்கியே செல்லவேண்டியிருந்தது. 2005-இல் தரையிறங்கும் கட்டாயம் நீங்கியது. ஹாங்காங்கின் வான்தகவல் மண்டலத்தைத் தொட்டுச் செல்லும் கட்டாயம் நீங்கவில்லை. வான்தகவல் மண்டலம் என்பது விமானங்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட கட்டுப்பாட்டு மையத்திடம் ஒப்படைக்கப்பட்ட வான்பரப்பு. அடுத்தடுத்துள்ள தைபே, ஷாங்காய் மண்டலங்களின் மையங்கள் விமானத்தை ஒன்றிடமிருந்து மற்றொன்று நேரடியாகப் பெறுவதற்கு ஏற்பாடு இல்லாததால், வடக்கே போகவேண்டிய விமானம் முதலில் தென்மேற்கே போயிற்று. எரிபொருளையும் மனிதரின் நேரத்தையும் இப்படி வீணாக்கியதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருக்கவில்லை. 2008 ஜூலையில் தொடங்கிய வார இறுதிச் சேவைகளும் இந்த வளைவிலேயே பறந்தன. அவ்வாண்டு நவம்பரில் தைபேயில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, டிசம்பர் 15 அன்று கிழக்குச் சீனக் கடலின் மேல் நேர்த்தடம் திறக்கப்பட்டபோது, பறக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்குமேல் குறைந்து ஏறத்தாழ 80 நிமிடமாயிற்று.

கால அட்டவணைகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எனக் காட்டுவதற்குக் காரணம், விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வது முதல் சென்றடைந்த நிலையத்தில் நிற்பது வரையிலான முழுநேரத்தையும், ஓடுபாதைக்கான காத்திருப்பு உட்பட, அவை கணக்கில் கொள்வதே. இவற்றோடு சாலைப் பயணமும் சேர்கிறது: தவ்யுவான் விமான நிலையம் தைபேயிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரும், புடோங் ஷாங்காயின் மையப்பகுதியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரும் தள்ளி உள்ளன. ஆகவே 2010 ஜூன் 14 அன்று, நகருக்குள்ளேயே உள்ள சோங்ஷான், ஹாங்சியாவ் ஆகிய பழைய நிலையங்களுக்கிடையே தொடங்கிய சேவை, வான்தொலைவைக் குறைக்காமலே பயணத்தைச் சுருக்கியது. அடுத்த மாதம் ஹாங்சியாவில் அதிவேக ரயில் நிலையமும் திறக்கப்பட, காலையில் தைபேயில் புறப்பட்டவர் நண்பகலுக்குள் குன்ஷான் தொழிற்சாலையில் இருக்க முடிந்தது.