பழுது பார்த்தல்

பழுது என்பது தமிழுக்குப் புதிய சொல்லன்று. திருவள்ளுவர் அமைச்சு என்னும் அதிகாரத்திலே அதனை ஆண்டிருக்கின்றார். கெட்டுப்போன பொருளைச் சீராக்கும் தொழிலைப் பழுது நீக்குதல் என்றும் சொல்லலாம். திருத்துதல் என்றும் சொல்லலாம். எனினும் உலக வழக்கில் நிலைபெற்றது பழுது பார்த்தல் என்பதே. வைத்தியம் பார்த்தல், கணக்குப் பார்த்தல் என்பவற்றிற் போல ஈண்டும் பார்த்தல் என்பது செய்தலைக் குறிக்கும் என்பர். அது பொருந்தும். ஆயினும், அச்சொல்லின் நேர்ப்பொருளை அண்மையில் எனக்கு விளக்கியவர் செட்டிகுளத்துக் கார் திருத்துநர் ஒருவர்.

எனது பழைய யப்பானியக் காருக்கு ஒரு நோய் கண்டது. புறப்படும்போது நன்றாக ஓடும். பதினைந்து இருபது கிலோமீற்றர் சென்றதும் மெல்ல மெல்ல வலுவிழந்து நின்றுவிடும். கால்மணி நேரம் கழிந்தால், ஒன்றுமே நிகழாதது போலத் திரும்பவும் புறப்படும். இதனைத் தீர்க்க வேண்டி, நகரத்திலுள்ள முகவர் நிறுவனமொன்றின் பணிமனைக்குக் கொண்டு சென்றேன்.

தூய்மையான இடம். குளிரூட்டிய அறையில் அமர்த்தித் தேநீரும் தந்தனர். பொறுப்பேற்ற இளைஞரிடம் நோயின் வரலாற்றை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் அதனை மூன்று ஆங்கிலச் சொற்களில் அடக்கி அட்டையில் எழுதிக்கொண்டார். சூத்திரம் யாத்த புலவர்களும் அத்துணைச் சுருக்கம் அறியார்! கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எனது கார் மேலே உயர்த்தப்பட்டதைக் கண்டேன். அதிற் கைவைத்தவரோடு ஒரு வார்த்தையேனும் பேச வாய்க்கவில்லை. கணினியைப் பொருத்திப் பார்த்தனர். அது குறையொன்றும் காட்டவில்லை. பிளக்குகளை மாற்றினர், வடிகட்டியை மாற்றினர், பெற்றோல் பம்பியையும் மாற்றினர். எனது மாதச் சம்பளத்திற் பாதிக்கு மேல் பட்டியல் வந்தது. செலுத்திவிட்டு மகிழ்ச்சியோடு புறப்பட்டேன். பூவரசங்குளம் தாண்டியதும் கார் நின்றது.

மறுநாள் நமது ஊர்த் திருத்துநரிடம் போனேன். வேப்பமர நிழலே அவருடைய பணிமனை. நான் சொன்னதை இடைமறியாமற் கேட்டார். “எண்ணெய் நிறைய இருக்கேக்கையும் நிக்கிறதோ? மூடியைத் திறந்து எண்ணெய் அடிச்ச உடனை எப்பிடி ஓடுது?” என்று இரண்டே வினாக்கள் வினாவினார். பின்னர், “ஏறுங்கோ மாஸ்ரர், நானும் வாறன்” என்று பக்கத்தில் அமர்ந்துகொண்டார். மன்னார் வீதியிலே வழமைபோலக் கார் நின்றது. அவர் முன்மூடியைத் தொடவேயில்லை. பின்புறம் சென்று பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. கார் உடனே உயிர்பெற்றது.

“தாங்கி மூச்செடுக்க வழியில்லாமற் திணறுது, மாஸ்ரர்” என்றார். பெற்றோல் வெளியேறும் அளவுக்குத் தாங்கியினுள் காற்றுப் புகவேண்டும். அவ்வழி அடைபட்டால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, பம்பி எத்துணைப் புதிதாயினும் எண்ணெயை இழுக்க மாட்டாது தவிக்கும். காற்றுப் புகும் சிறு குழாயின் வாயிலே குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. கம்பியொன்றினால் அதனை நீக்கினார். கூலி ஐந்நூறு ரூபா.

இக்கலையை எங்கே பயின்றீர் என்று கேட்டேன். “எல்லாம் மண்ணெண்ணெய்க் காலத்திலைதான்” என்றார். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், வடக்கின் பெரும்பகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றறியும் உதிரிப் பாகங்களும் கிடைத்தற்கரியவாயின. அக்காலத்தில் எம்மைச் சுமந்தவை பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள். எரிகலவையை ஏழில் ஒரு பங்களவுக்கே அமுக்கும் அவற்றின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. குளிர்ந்த மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சூப்பிப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனை விரலிடையே தேய்த்தும் முகர்ந்தும் அறிந்தனர் அன்றைய திருத்துநர்.

அத்தடை எம்மக்களை வதைத்த கொடுமை. அதனைப் போற்றுதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், மாற்றுவதற்குப் பொருள் இல்லாதவிடத்து ஊகத்தினால் ஒவ்வொன்றாய் மாற்றிப் பார்த்தல் இயலாது. பழுதைக் கண்டே தீரவேண்டும். அக்கட்டாயமே அவர்களுடைய கல்வியாயிற்று. 2020 மார்ச்சு தொடக்கம் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், பழைய வண்டிகளை ஓடவைத்ததில் இத்தகையோர் பங்கு பெரிது.

முகவர் பணிமனைகளைப் பழித்தல் என் கருத்தன்று. அவற்றிலே அளவு உண்டு; எழுத்துப் பதிவு உண்டு; உத்தரவாதம் உண்டு. மின்கலத்தாலும் ஓடும் புதுக் கார்களைப் பற்றிக் கேட்டபோது நமது திருத்துநரே, “அதுகளிலை நான் கைவைக்கமாட்டன்; கொம்பனிக்குத்தான் கொண்டுபோகோணும்” என்றார். தன் அறிவின் எல்லையை அறிந்தவர் அவர். அவருடைய குறை வேறு. அவர் அறிந்தவற்றுள் ஒரு வரியேனும் ஏட்டில் ஏறவில்லை. உடனிருந்து கற்பாரும் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவனம் மோட்டார் வாகனத் தொழினுட்பத்தையும் கற்பிக்கின்றது. அத்தகைய நிலையங்களின் மாணாக்கர் ஒரு திங்களேனும் இம்மரநிழல்களில் அமர்ந்து கேட்டு எழுதிவைப்பின், இருவகை அறிவும் ஒன்றுசேரும். காலம் தாழ்த்தின், கேட்பதற்கு ஆள் இரார்.

அன்று மாலை மாணவன் ஒருவனுடைய கட்டுரையைத் திருத்தினேன். ஒரு வாக்கியத்தைச் சிவப்பு மையால் வெட்டி, என் வாக்கியத்தை மேலே எழுதினேன். எழுதியபின் கை தயங்கிற்று. மறுநாள் அவனை அழைத்து, “தம்பி, இதிலே நீ சொல்ல நினைத்தது என்ன?” என்று கேட்டேன். அவன் சொன்னான். பழுது நான் வெட்டிய இடத்தில் இல்லை. அதற்கு முந்திய வாக்கியத்தில் இருந்தது.