டுபாய் கிரீக்: வியாபாரி பார்க்க வேண்டிய துறைமுகம்

டுபாய்க்குப் போய் வந்த நம்மவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வானளாவிய கட்டடங்களையும் பெரிய அங்காடிகளையும் சொல்வார்கள். வியாபாரம் செய்யும் சகோதரர்களிடம் நான் சொல்வது வேறு. ஒரு முழு நாளைக் கிரீக் கரையில் செலவிடுங்கள். அந்த நகரம் எப்படி உழைத்து முன்னுக்கு வந்தது என்பதை அங்கேதான் கண்ணால் காணலாம். 2006ஆம் ஆண்டு முதன்முறையாகப் போனபோது நான் அதைக் கண்டும் விளங்காமல் திரும்பினேன். அதற்காக நான் இழந்ததையும் இக்கட்டுரையில் சொல்கிறேன்.

இரு கரைகளும் ஒரு திர்ஹமும்

கிரீக் என்பது கடலிலிருந்து நிலத்துக்குள் நீண்டு செல்லும் உவர்நீர்க் கழி. ஒரு கரை தேரா, மறு கரை பர் டுபாய். இரண்டுக்கும் இடையே 'அப்ரா' எனப்படும் படகுகள் ஓடுகின்றன. இருபது பேரளவில் ஏறியதும் படகு புறப்பட்டுவிடும். கட்டணம் 1 திர்ஹம். சில நிமிடங்களில் அக்கரை சேரலாம்.

பர் டுபாய் பக்கத்தில் 1787ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட அல் பஹீதி கோட்டையும், அருகே காற்றுக் கோபுரங்கள் கொண்ட பஸ்தகியா வீடுகளும் உள்ளன. தேரா பக்கத்தில் இறங்கினால் பலசரக்குச் சந்தை. குங்குமப்பூ, ஏலம், காய்ந்த எலுமிச்சை எல்லாம் மூட்டை மூட்டையாக வைத்திருப்பார்கள். சற்று நடந்தால் தங்கச் சந்தை. அங்கே அன்றைய தங்க விலை யாவருக்கும் ஒன்றே. பேரம் பேச இடமிருப்பது செய்கூலியில் மட்டும். விபரம் அறிந்தவர் தங்க விலையைக் கேட்பதில்லை, செய்கூலி எவ்வளவு என்றே கேட்பார். இந்தப் பாடத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் உதவும்.

2006இல் தேராக் கரை நெடுக மரக்கலங்கள் அடுக்கடுக்காக நின்றன. குளிர்சாதனப் பெட்டி, டயர், அரிசி மூட்டை, தேயிலைப் பெட்டி யாவும் நடைபாதையிலேயே குவிந்து கிடந்தன. பெரும்பாலானவை ஈரானுக்கும் ஆபிரிக்கக் கரைகளுக்கும் போகும் சரக்குகள். பின்னர் தேராவின் கடலோரப் பக்கத்திலும் மரக்கலங்களுக்கெனத் தனி இறங்குதுறை அமைக்கப்பட்டது.

எண்ணெய்க்கு முன்பே தோண்டிய வழி

டுபாய் எண்ணெயால் வளர்ந்தது என்றே பலரும் நினைக்கிறோம். ஆண்டுகளைப் பார்த்தால் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகக் கரையிலிருந்த லிங்கா துறைமுகத்தில் சுங்கத் தீர்வை கடுமையாயிற்று. அதே காலத்தில் டுபாய் ஆட்சியாளர் ஷெய்க் மக்தூம் பின் ஹஷர் தீர்வையை நீக்கினார். லிங்காவின் வணிகர் பலர் கடல் கடந்து இங்கே குடியேறினர். பஸ்தகியா என்ற பெயரே ஈரானின் பஸ்தக் ஊரிலிருந்து வந்ததுதான்.

1930களில் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து வளைகுடாவின் முத்துத் தொழிலை வீழ்த்தின. அதன் பின் எஞ்சியது வியாபாரம் மட்டுமே. ஆனால் கிரீக்கில் மணல் படிந்து பெரிய கலங்கள் நுழைய முடியாமல் போயின. ஷெய்க் ராஷித் குவைத்திடம் கடன் வாங்கியும், வணிகர்களிடம் பத்திரம் விற்றும் பணம் திரட்டி, 1960களின் தொடக்கத்தில் கிரீக்கை ஆழப்படுத்தினார். அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல். ஏற்றுமதி தொடங்கியது 1969இல். அதாவது எண்ணெய் வருமானம் வருமுன்பே கடன்பட்டு வழியைச் செப்பனிட்டார்கள். பின்னர் 1972இல் ராஷித் துறைமுகம், 1979இல் ஜெபல் அலி துறைமுகம், 1985இல் ஜெபல் அலி சுதந்திர வர்த்தக வலயம் என்று அதே பாதையில் தொடர்ந்தார்கள்.

மறு ஏற்றுமதி என்பது என்ன?

டுபாய்க் கடையில் நாம் வாங்கும் பொருளில் பெரும்பாலானவை அங்கே உற்பத்தியானவை அல்ல. சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ கொள்கலனாக வந்து இறங்குகின்றன. அங்குள்ள மொத்த வியாபாரி கொள்கலனை உடைத்து, பத்துப் பெட்டி, இருபது பெட்டியாகப் பல நாட்டவருக்கும் விற்கிறார். இதுவே மறு ஏற்றுமதி. ஒரு கொள்கலன் முழுவதையும் வாங்க முதல் இல்லாத சிறு வியாபாரிக்கு இது பெரும் வசதி. ஆனால் அந்த வசதிக்கான கூலி விலைக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே கணக்கு எளிது. கொள்கலனை நிரப்பும் அளவுக்குச் சரக்குத் தேவையென்றால் உற்பத்தியாகும் நாட்டிலேயே வாங்குவதுதான் பெரும்பாலும் இலாபம். சிறு தொகையாகப் பல வகைப் பொருள் தேவையென்றால் டுபாய் பொருந்தும். நாலைந்து கடைக்காரர் ஒன்றுசேர்ந்து ஒரு கொள்கலனைப் பகிர்ந்து கொள்வது மூன்றாவது வழி. நம்மவர்கள் குறைவாகவே பயன்படுத்தும் வழியும் இதுதான்.

நான் கொடுத்த விலை

2006இல் நோன்புப் பெருநாள் விற்பனையை நம்பி, தேராவில் ஒரு மொத்தக் கடையில் அறுபது பெட்டி சமையல் பாத்திரம் வாங்கினேன். முதலில் பாதி என்னுடையது, மறு பாதி என் மச்சானுடையது. புறக்கோட்டை மொத்த விலையைவிடக் குறைவாகக் கிடைத்ததால் வேறு எதையும் கேட்கவில்லை. மாதிரியைக் காட்டினார்கள், கைகொடுத்தோம், பணத்தைக் கட்டினேன். பற்றுச்சீட்டில் 'சமையலறைப் பொருட்கள்' என்று ஒரே வரி. பெட்டிப் பட்டியலில் எண்ணிக்கையும் பொருந்தவில்லை.

கொழும்பில் சரக்கு இறங்கியபோது அந்தப் பிழையான கடதாசிகளோடு அதை விடுவிக்க முடியவில்லை. திருத்திய ஆவணம் கேட்டுத் தொலைபேசியில் மன்றாடினேன். அது வந்து சேரும்வரை தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. பெட்டியைத் திறந்தபோது பாதிப் பாத்திரம் மாதிரியைவிட மெல்லியது. விற்றவரிடம் கேட்டேன். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பெருநாளும் கழிந்துவிட்டது. வந்த விலைக்குத் தள்ளினேன். மச்சானின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு வருடம் ஆயிற்று. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சூறா அல்பகறாவின் 282ஆவது வசனம், குர்ஆனிலேயே மிக நீளமானது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஓதத் தெரிந்திருந்தும் கடையில் நிற்கும்போது அதன் கருத்து நினைவுக்கு வரவில்லை.

போகுமுன் கவனிக்க வேண்டியவை

ஒன்று: கடை விலையை மட்டும் பார்க்காதீர்கள். கப்பல் கூலி, காப்புறுதி, இங்குள்ள தீர்வையும் வரிகளும், விடுவிக்கும் முகவர் கூலி, லொறிக் கூலி எல்லாவற்றையும் கூட்டி, ஒரு பொருள் நம் கடை வாசலுக்கு என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள். தங்கச் சந்தையில் செய்கூலி எப்படியோ, இறக்குமதியில் இந்தச் செலவுகள் அப்படி.

இரண்டு: பற்றுச்சீட்டில் பொருளின் பெயர், ரகம், எடை, எண்ணிக்கை தனித்தனியே இருக்கட்டும். மாதிரி ஒன்றை விற்பவரின் கையொப்பத்தோடு உங்களிடம் வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்று: 2018 ஜனவரி 1 முதல் அங்கே 5 வீத பெறுமதி சேர் வரி உண்டு. ஏற்றுமதிச் சரக்குக்குப் பூச்சிய வீதம் பெற அதற்குரிய ஆவணங்கள் வேண்டும். பணம் கட்டுமுன் இதைப் பேசி முடியுங்கள்.

நான்கு: எமது நாட்டின் இறக்குமதி விதிகள் அடிக்கடி மாறுபவை. 2020இல் பல பொருட்களுக்குத் தடை வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வாங்கிய பின் விசாரிப்பதில் பயனில்லை. விமானச் சீட்டு எடுக்குமுன் உங்கள் முகவரிடம் கேளுங்கள்.

அதன் பிறகும் நான் கிரீக் கரைக்குப் போயிருக்கிறேன். அஸர் தொழுதுவிட்டு ஒரு திர்ஹம் கொடுத்து அப்ராவில் ஏறுவேன். அந்த ஊர் பெரிதானது வழியைச் செப்பனிட்டு வைத்ததால். நான் வீழ்ந்தது பொருளின் விலையைப் பார்த்து வழியைப் பார்க்காததால். வாங்குமுன் வழியைக் கணக்கிடுங்கள், எழுதி வாங்குங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகட்டும்.